ஐந்து ஆழாக்கு ஒரு லிட்டர்

2024 ஜூலை ஒன்பது, செவ்வாய்க்கிழமை. ஐந்து இருபதுக்கு எழுந்தேன். வாசல் கதவில் மாட்டியிருந்த பையிலிருந்து பால் பாக்கெட்டுகள் இரண்டை எடுத்துக் கழுவி, ஒன்றைக் காய்ச்சினேன். ஐந்தரைக்கு மோட்டார் போட்டேன். ஐந்து ஐம்பதுக்கு நிறுத்தினேன். குடிதண்ணீர் கொதித்து ஆறுவதற்குள் டிகாக்‌ஷன் இறங்கிவிட்டது. காபி குடித்தேன். ஆறு பத்துக்கு, ஆறிய தண்ணீரைப் பித்தளை ஆழாக்கில் விளிம்புவரை அளந்து ஒரு கிண்ணத்தில் ஊற்றி, ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஒன்றைக் கிழித்துக் கொட்டி, தூள் தெரியாமல் கரையும்வரை கலக்கினேன். சின்ன பாக்கெட். இருநூறு மி.லி. தண்ணீருக்கு என்று அதன்மேலேயே அச்சிட்டிருந்தது.

கிண்ணத்தை மூடிவிட்டு நீள நோட்டைப் பிரித்து, புதுப் பக்கத்தில் கோடு போட்டேன். மணி, கொடுத்தது, அளவு, வாந்தி, பேதி, டயப்பர். முந்தின சனிக்கிழமை மாலை மகனை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டிவந்த நேரத்திலிருந்து அந்த நோட்டை எழுதிவந்தேன்.

அவனுக்கு அப்போது ஒரு வயது எட்டு மாதம். எனக்கு நாற்பத்தொன்பது, மனைவிக்கு நாற்பத்து நான்கு. கல்யாணமாகிப் பதினாறு வருஷம் கழித்துப் பிறந்தவன். தி. நகரில் ஓர் அலுவலகத்தின் ஆவணப் பிரிவில் எனக்கு வேலை. மனைவி பள்ளி ஆசிரியை. இருவரும் அந்த வாரம் விடுப்பில் இருந்தோம். மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் இரண்டாம் மாடி வீடு, லிஃப்ட் கிடையாது.

அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை வாந்தியும் பேதியுமாக ஆரம்பித்தது. புதன்கிழமை காலையில் கண் செருகியது. அடையாறில் ஓர் ஆஸ்பத்திரியில் மூன்று ராத்திரி இருந்தோம். ட்ரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. இடது கையில் இரண்டு தடவை, வலது கையில் ஒரு தடவை, கடைசியில் காலில். நான்காவது குத்தலில் அவன் கத்துவதை நிறுத்திவிட்டு மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பற்றி அவள் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். “திரும்ப அங்க போக வெச்சுடாதேள்” என்றாள். அந்த முடிவை யாரோ என் கையில் கொடுத்துவைத்திருப்பதைப் போலத்தான் சொன்னாள்.

வீட்டுக்கு வரும்போது அவன் எடை ஒன்பது கிலோ நூறு. நோய்க்கு முன் பத்து கிலோ நானூறு. பேதி நின்றிருந்தது. ஆழ்வார்பேட்டையில் அவனைப் பிறந்ததிலிருந்து பார்க்கும் டாக்டரம்மா எங்களிடம் தெளிவாகச் சொல்லியிருந்தார்: சாப்பாடு மெதுவாக வரட்டும், ஆனால் தண்ணீர், கஞ்சி, மோர், ஓ.ஆர்.எஸ். எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு எண்ணூறு மி.லி. உள்ளே போக வேண்டும். அதற்குக் கீழே போனால் யோசிக்காமல் கூட்டி வந்துவிடுங்கள், மறுபடி ட்ரிப் போட்டுவிடலாம்.

எண்ணூறு. கேட்டவுடன் எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு நோயை ஓர் எண்ணாக மாற்றிக் கையில் கொடுத்தால் எனக்கு அதை வைத்துக்கொள்ளத் தெரியும்.

பால் புட்டியை அவன் ஒரு வயதிலேயே நிறுத்தி, யாருக்கோ கொடுத்துவிட்டோம். மருந்தின் மூடியில் ஐந்து மி.லி. கோடு மட்டும் இருந்தது. அதனால் அரிசி அளக்கிற ஆழாக்கை எடுத்தேன். என் அம்மா புழங்கியது. அடியில் ஒரு சின்ன நசுங்கல். புளி போட்டுத் தேய்த்து, வெந்நீரில் கொதிக்கவைத்தேன். நான் ஐந்தாம் வகுப்பில் லிட்டர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது அப்பா சொன்னது, ஐந்து ஆழாக்கு ஒரு லிட்டர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஓர் ஆழாக்கு என்றால் இருநூறு. டாக்டரம்மாவின் எண்ணூறு எனக்கு நான்கு ஆழாக்காக ஆயிற்று. கலக்குவதும் அதில்தான், கஞ்சியை அளப்பதும் அதில்தான்.

ஞாயிற்றுக்கிழமை நாலேகால் ஆழாக்கு உள்ளே போயிற்று. நோட்டில் 850. திங்கட்கிழமை நான்கு. 800.

செவ்வாய்க்கிழமை ஏழு மணிக்கு அவன் விழித்தான். வழக்கமாக எழுந்த உடனே கட்டிலில் நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எதிர் வீட்டு நாயைக் கூப்பிடுவான். அன்று எழுந்து உட்கார்ந்தான், மறுபடி படுத்துக்கொண்டான். மனைவி அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். கையில் ஓர் இட்லி, மேலே துளி சர்க்கரை.

“அதோ பாரு, இளநி வண்டி வந்துடுத்து. இளநி மாமாக்கு ஒரு வாய். ஆ சொல்லு. ஆ.”

அவன் உதட்டை உள்ளே இழுத்து மடித்துக்கொண்டான். அப்படி மடிக்கும்போது வாய் இருந்த இடத்தில் ஒரு கோடு மட்டும் தெரியும்.

“சரி, காக்காக்கு. காக்காக்கு ஒரு வாய், உனக்கு ஒரு வாய்.”

காக்கை சாப்பிட்டது. இவன் பார்த்துக்கொண்டிருந்தான். அரை மணி நேரத்தில் இட்லியில் முக்கால் பங்கு காக்கைக்கே போயிற்று. அவன் அழவில்லை. கோபப்பட்டுத் தட்டிவிட்டால்கூடத் தேவலை என்றிருந்தது. கடைவாய் ஓரமாக ஒரு சிட்டிகை உள்ளே தள்ளினாள். அவன் அதை நாக்கால் வெளியே கொண்டுவந்து, தன் கையாலேயே எடுத்து அவள் கையில் கொடுத்தான்.

“ஏன்னா, எனக்கே திருப்பித் தரான் பாருங்கோ” என்றாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். பிறகு சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர் விழும் சத்தம் வெகுநேரம் கேட்டது.

நான் எழுதினேன்: 7.10 முதல் 7.40. இட்லி. இல்லை.

ஓ.ஆர்.எஸ். என் வேலை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு ஸ்பூன். முதல் ஸ்பூனுக்கு வாயைத் திறப்பான். இரண்டாவதற்கு முகத்தைச் சுளித்துத் திரும்பிக்கொள்வான். பிறகு கன்னத்தை லேசாகப் பிடிக்க வேண்டும். பிடித்தேன். ஒரு ஸ்பூனும் கீழே சிந்தவிடவில்லை.

எட்டேகாலுக்கு வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் வந்தார். சிந்தாதிரிப்பேட்டையில் ஆற்றோரம் இருந்தவர். அங்கே வீடுகளை எடுத்துவிட்டு பெரும்பாக்கத்துக்கு அனுப்பிய பிறகு, இரண்டு பஸ் மாறி வருகிறார். செருப்பைக் கழற்றும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும்.

“இன்னா சார், புள்ளைக்கு சோறு ஊட்றீங்களா, பரிட்ச எய்துறீங்களா?”

“எவ்வளவு உள்ள போறதுன்னு தெரிய வேண்டாமா?”

“நாலு பெத்துக்கீறேன். ஒண்ணுத்துக்கும் நோட்டு வாங்கல.” துடைப்பத்தை எடுக்கப் போனவர் கிண்ணத்தருகே நின்றார். ஸ்பூனில் ஒட்டியிருந்ததை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். “உப்பு தூக்கலா கீதே சார்.”

“பாக்கெட்ல போட்டிருக்கற அளவுதான்.”

“எம் பொண்ணுக்கு ஆஸ்பத்திரில குட்த்தது இப்டி இல்ல. கண்ணுத்தண்ணி மாதிரி லேசா கரிக்கும், அவ்ளோதான். இது இன்னமோ...”

“அளந்துதாம்மா கலந்திருக்கேன்.”

“அளந்தா செரி. நான் சொன்னேன், அவ்ளோதான்.”

அவர் சேலை முந்தானையிலிருந்து காகிதத்தில் சுற்றிய பொறை ரொட்டி ஒன்றை எடுத்தார். பஸ் நிறுத்தத்து டீக்கடையில் வாங்கியது. மகன் முன்னால் உட்கார்ந்து, “நைனா, இங்க பாரு. யாருக்கும் குடுக்காத. உங்கப்பனுக்குக் குட்த்தின்னா எய்தி வெச்சிடுவாரு” என்றார். அவன் பொறையைப் பார்த்தான். கையை நீட்டி வாங்கினான். ஒரு முனையை வாயில் வைத்துச் சப்பினான்.

“புட்சிகினான் பாரு யக்கா!”

மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஒரு வாரத்தில் அன்றுதான் அவள் முகம் பழைய முகமாக இருந்தது. நான் எழுதினேன்: 8.50. பொறை, ஒரு முனை. அளவு என்ற இடத்தில் என்ன போடுவதென்று தெரியாமல் விட்டுவிட்டேன். அந்தப் பக்கத்தில் காலியாக இருக்கும் இடம் அது ஒன்றுதான்.

பொறையை அவன் அதற்குமேல் சாப்பிடவில்லை. கையில் வைத்துக்கொண்டே இருந்தான். பிடுங்கினால் விரல்களை இறுக்கினான். பத்து மணிக்கு அரிசிக் கஞ்சி, நான்கு ஸ்பூன். பதினொன்றுக்கு மோர், பாதியை வழியவிட்டான். பன்னிரண்டு மணிக்குக் குழைந்த சாதத்தில் பருப்புத் தண்ணீரும் உப்பும் போட்டு மனைவி எடுத்துவந்தாள். அவன் கூடத்தில் வெறுந்தரையில் குப்புறப் படுத்திருந்தான். தூக்கி உட்கார வைத்தாள். சரிந்தான். மறுபடி உட்கார வைத்தாள்.

தட்டைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“நான் ஆட்டோ கூப்பிடறேன்.”

“இரு. காலைலேர்ந்து ரெண்டு ஆழாக்கு போயிருக்கு. நானூறு. இன்னும் பாதி நாள் இருக்கு.”

“நீங்க எழுதறதெல்லாம் எழுதிக்கோங்கோ. கொழந்தை மூஞ்சியப் பாருங்கோ. காலைலேர்ந்து ஒரு டயப்பர். அதுவும் பாதி நனைஞ்சிருக்கு.”

“அங்க போனா மறுபடி ஊசி குத்துவா. நீதானே வேண்டாம்னே?”

“நான்தான் சொன்னேன். இப்போ நானே சொல்றேன், போலாம்னு.”

“டாக்டர்ட்ட கேட்டுட்டுப் போலாம். அவா வரச் சொன்னா உடனே போயிடலாம்.”

பன்னிரண்டு முப்பத்தைந்துக்கு டாக்டரம்மாவே எடுத்தார். அவர் பின்னால் ஏதோ குழந்தை அழுதுகொண்டிருந்தது.

“நேத்து டோட்டல் எவ்ளோ சார் போச்சு?”

“எண்ணூறு, டாக்டர்.”

“கரெக்டா தெரியுமா, இல்ல உத்தேசமா?”

“அளந்து எழுதி வெச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை எண்ணூத்தம்பது.”

“இன்னிக்கு?”

“இதுவரைக்கும் நானூறு.”

“அப்ப பரவால்லயே. டல்லா இருக்கறது கொஞ்ச நாள் இருக்கும். பசி வர டைம் ஆகும். போர்ஸ் பண்ணாதீங்க. எல்லா பேரன்ட்ஸும் உங்கள மாதிரி எழுதி வெச்சா எங்களுக்கு வேலை ஈசி.”

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மனைவி முழுக்கக் கேட்டாள். பிறகு தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். “சரி. நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷமாக அவள் கேஸ் சிலிண்டர் தேதியையும் ரயில் நேரத்தையும் அப்படித்தான் என்னிடம் விட்டிருக்கிறாள்.

டயப்பர் என்ற கட்டத்தில் ‘1’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அது பாதி நனைந்தது என்று எழுதவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை.

மூன்று ஐம்பத்தைந்துக்கு வாந்தி எடுத்தான். சனிக்கிழமைக்குப் பிறகு அதுதான் முதல் வாந்தி. தண்ணீரும், தண்ணீரில் ஊறிய பொறைத் துணுக்குகளும். அப்போதும் மீதிப் பொறை அவன் கையில்தான் இருந்தது. உள்ளங்கைச் சூட்டில் நசநசத்துப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து வேலைக்கார அம்மாள் மாலைப் பாத்திரம் தேய்க்க வந்தார்.

நான் பொறையை அவன் விரல்களிலிருந்து பிரித்தெடுத்து அவரிடம் காட்டினேன். “வெளில வாங்கின பண்டம் எதையும் இனிமே கொழந்தைக்குக் குடுக்காதீங்கோ.”

“ஒரு முனைதானே சார் நக்குச்சு. காலைல துன்னது.”

“அதுதான் இப்போ வந்திருக்கு. கீழே பாருங்கோ.”

அவர் கீழே பார்த்தார். துணி எடுத்துவந்து, நான் துடைக்கப் போனதைத் தடுத்து, அவரே துடைத்தார். பாத்திரங்களைத் தேய்த்துக் கவிழ்த்தார். போகும்போது, “வர்ரேன் யக்கா. புள்ளய மடிலயே வெச்சிக்கோ, தரைல போடாத” என்றார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. பொறையைக் குப்பைக்கூடையில் போட்டேன். அது போன பிறகு மகன் அந்தக் கையைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் தீர்ந்திருந்தது. ஐந்தேகாலுக்கு இறங்கித் தெருமுனை மருந்துக் கடைக்குப் போனேன். மாட வீதியில் பூக்கடைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள்.

“சின்னது இல்ல சார், நாளைக்குத்தான் வரும். பெருசு இருக்கு, ஒரு லிட்டருக்கு.” கடைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “கொழந்தைக்கா? அப்ப கண்ணளவு போடாதீங்க. இந்தத் தண்ணி பாட்டில் ஒரு லிட்டர், சீல் ஒடைக்காதது. அப்படியே இதுக்குள்ள கொட்டிக் குலுக்கிடுங்க. கரெக்டா இருக்கும்.”

கண்ணளவு போடுகிற ஆளா நான் என்று நினைத்துக்கொண்டு வாங்கி வந்தேன்.

பாக்கெட்டைக் கொட்டுவதற்கு முன், பாட்டிலில் ஆழாக்கு ஆழாக்காகக் கோடு போட்டுவிட்டால் எவ்வளவு தீர்ந்தது என்று பார்த்த உடனே தெரியும் என்று தோன்றியது. ஐந்து ஆழாக்கு, நான்கு கோடு. தண்ணீரை ஆழாக்கில் ஊற்றி, அதை ஒரு பாத்திரத்தில் கொட்டி, பாட்டிலில் மீதி நிற்கும் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டேன். இரண்டு. மூன்று. நான்கு. நான்காவது கோட்டுக்குக் கீழே பார்த்தால் தண்ணீர் நிறைய நின்றது. ஐந்தாவது ஆழாக்கும் நிறைந்தது. இன்னும் இருந்தது. ஆறாவது ஆழாக்கில் ஊற்றினேன். விளிம்புக்கு ஒரு விரல்கூட இல்லை, ஏறக்குறைய நிறைந்துவிட்டது.

பாட்டிலில் தண்ணீர் அதிகமாக அடைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். லேபிளைத் திருப்பிப் பார்த்தேன். எல்லாவற்றையும் பாட்டிலில் திரும்ப ஊற்றி, மறுபடி அளந்தேன். மறுபடியும் ஆறாவது. பிறகு மருந்து மூடியை எடுத்தேன். குழாயில் ஐந்து மி.லி. கோடுவரை நிரப்பி ஆழாக்கில் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். இருநூறு என்றால் நாற்பது மூடி போக வேண்டும். முப்பத்து மூன்று போயிற்று. முப்பத்து நான்காவதில் பாதி போவதற்குள் வழிந்து மேடையில் ஓடியது.

நூற்று அறுபத்தெட்டு. அவ்வளவுதான் பிடிக்கிறது. நாற்பது வருஷமாக நான் ஒரு தடவை அளந்து பார்க்கவில்லை. பக்கத்து வீட்டு ஆழாக்காக இருந்திருந்தால் அளந்திருப்பேன்.

சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தேன். எழுதிய எண்களின் பக்கத்தில் பென்சிலால் சரியான எண்ணைப் போட்டுக்கொண்டு வந்தேன். ஞாயிறு 850 இல்லை, 714. திங்கள் 800 இல்லை, 672. அன்று மதியம் டாக்டரிடம் சொன்ன நானூறு, முந்நூற்று முப்பத்தாறு. வீட்டுக்கு வந்த பிறகு ஒரு நாளும் எண்ணூறு போகவில்லை. யோசிக்காமல் கூட்டி வந்துவிடுங்கள் என்று அவர் சொன்னது ஞாயிற்றுக்கிழமைக்கே பொருந்தும்.

அது ஒன்று. இன்னொன்று, இருநூறுக்கான பொடியை நூற்று அறுபத்தெட்டில் மூன்று நாளாகக் கலக்கியிருக்கிறேன். முகம் சுளித்ததும் திரும்பிக்கொண்டதும் அதனால்தானா, தெரியாது. வாந்தி அதனாலா, பொறையாலா, நோயாலேயேவா, தெரியாது. கன்னத்தைப் பிடித்து ஒரு ஸ்பூனும் சிந்தாமல் உள்ளே விட்டது மட்டும் தெரியும். உப்பு தூக்கல் என்று காலையிலேயே ஒருவர் நாக்கில் வைத்துப் பார்த்துச் சொன்னார். அவரைத்தான் நான் நான்கு மணிக்கு வைதேன்.

ஆறு பத்துக்கு டாக்டரம்மாவின் கிளினிக்குக்குப் போன் செய்தேன். உதவியாளர் எடுத்தார்.

“டாக்டர் ரவுண்ட்ஸ் போய்ட்டாங்க சார். அர்ஜென்ட்டா? செல்லுக்கு கனெக்ட் பண்ணட்டுமா?”

கூடத்தில் மனைவி அவனை மடியில் போட்டுக்கொண்டு, மெல்லிய குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கால் அவள் முழங்காலுக்கு வெளியே தொங்கியது. காலில் ஊசி குத்திய இடத்தில் பச்சை இன்னும் போகவில்லை.

“இல்லை, அர்ஜென்ட் இல்லை. காலைல பேசிக்கறேன்” என்றேன்.

இதற்கு நான் காரணம் சொல்ல முயன்றதுண்டு. இனிச் சரியான அளவில் கலந்து கொடுத்தால் இரவுக்குள் தேறிவிடுவான், தேறியபின் சொன்னால் அது ஒரு வேடிக்கைக் கதையாகப் போய்விடும் என்று நினைத்தேன். நினைத்தது உண்மை. ஆனால் போனை வைத்த நேரத்தில் என் மனதில் இருந்தது அது இல்லை. ‘நீங்க அளந்தா சரியாத்தான் இருக்கும்’ என்ற குரல்தான்.

“யாருன்னா?” என்றாள்.

“டாக்டர் இல்லையாம்.”

“நோட்டுல என்ன திருத்திண்டிருந்தேள்?”

“கூட்டல்ல ஒரு தப்பு.”

“நீங்களா?” என்றாள். ஆச்சரியம்தான், சந்தேகம் இல்லை.

தண்ணீரைப் பாட்டிலில் திரும்ப ஊற்றி, பெரிய பாக்கெட்டைக் கொட்டிக் குலுக்கினேன். ஆறரைக்கு அதிலிருந்து முதல் ஸ்பூன் கொடுத்தேன். வாயைத் திறந்தான். இரண்டாவது ஸ்பூனுக்கு நான் வழக்கம்போல் கன்னத்தைப் பிடிக்கக் கையைக் கொண்டுபோனேன். அவன் கண்ணை இறுக மூடிக்கொண்டான். பிடிக்காமல் ஸ்பூனை மட்டும் உதட்டில் வைத்தேன். முகத்தைத் திருப்பாமல் குடித்தான். மூன்றாவதும். நான்காவதும். முகம் சுளிக்கவே இல்லை.

மனைவிக்குத் தாங்கவில்லை. “பாருங்கோ, குடிக்கறான். டாக்டர் சொன்னாளே, டைம் ஆகும்னு. மத்யானம் நான்தான் பயந்துட்டேன்.”

ஒவ்வொரு ஸ்பூனையும் அவன் எளிதாக விழுங்கும்போதும், முந்தின மூன்று நாள் ஸ்பூன்கள் எனக்கு நினைவுக்கு வந்தன. அவன் குடிக்காமல் இருந்திருந்தால்கூட இவ்வளவு சங்கடமாக இருந்திருக்காது என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை எழுதிவைக்கிறேன்.

எட்டு மணிவரை எழுபது மி.லி. போயிற்று. மருந்து மூடியில் அளந்த எழுபது. மனைவி ஆசையாகக் கஞ்சி ஆற்றிவந்தாள். மூன்று ஸ்பூன் வாங்கிக்கொண்டான். நான்காவது ஸ்பூன் கிட்டே போகும்போதே மொத்தமும் வெளியே வந்தது. எழுபதும், மூன்று ஸ்பூனும், அவள் மடியெல்லாம். அவன் அதற்கும் அழவில்லை. வாயைத் துடைத்தபோது உதடு உலர்ந்து, ஓரத்தில் தோல் எழும்பியிருந்தது. எட்டே முக்காலுக்குப் புது டயப்பர் கட்டினேன். அவன் ஏற்கெனவே தூங்கியிருந்தான்.

“நாளைக்குக் கொஞ்சம் ஜவ்வரிசி போட்டுப் பாக்கறேன்” என்றாள் மனைவி, புடவையை மாற்றிக்கொண்டு வந்து. “போர்ஸ் பண்ண வேண்டாம்னாளே. எண்ணூறு ஆச்சா?”

நோட்டு என் மடியில் இருந்தது. அன்றைய மொத்தம், எடுத்த வாந்தியைக் கழிக்காமலேயே, ஐந்நூற்றைத் தாண்டவில்லை.

“கிட்டத்தட்ட” என்றேன்.

விளக்கை அணைத்தோம். அவளுக்கும் அவனுக்கும் நடுவில் ஒரு துண்டு விரித்திருந்தது, வாந்தி வந்தால் தாங்க. ஆழாக்கை அரிசி டின்னுக்குள் திரும்பப் போடவில்லை. மேடையிலேயே இருந்தது.

புதன்கிழமை ஐந்து பதினைந்துக்கு விழித்தேன். விளக்குப் போடாமல் கையை நீட்டி டயப்பரைத் தொட்டுப் பார்த்தேன். இரவு கட்டிவிட்டபோது இருந்தபடியே இருந்தது, காகிதம் மாதிரி. எட்டரை மணி நேரம். பால் பையை எடுக்கவில்லை. மோட்டார் போடவில்லை. மனைவியின் தோளைத் தொட்டு எழுப்பி, ஆழாக்கு இருநூறு இல்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து ஒரு நாளும் எண்ணூறு போகவில்லை, நேற்று மாலையே எனக்குத் தெரியும் என்று சொன்னேன். ஆஸ்பத்திரிப் பையை அதற்கப்புறம்தான் எடுத்தேன்.